படைப்பதற்கு முன் எடுத்து வைத்தது

சமய நல்லிணக்கக் கூட்டங்களில் எனக்கு ஒரு சிக்கல் உண்டு. என்னை அழைத்தவர்கள் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மேடையில் மூன்று நாற்காலி போட்டிருப்பார்கள். ஒரு சுவாமிகள், ஒரு ஃபாதர், ஒரு ஹஜ்ரத். மூவரும் சேர்ந்து குத்துவிளக்கு ஏற்றுவார்கள். படம் சரியாக விழவில்லை என்று புகைப்படக்காரர் இன்னொரு முறை ஏற்றச் சொல்வார். எல்லா நதியும் கடலில்தான் கலக்கிறது என்பார் ஒருவர். எல்லா மதமும் அன்பைத்தான் போதிக்கிறது என்பார் அடுத்தவர். மூன்றாமவருக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமிருக்காது. இருவரையும் வழிமொழிந்துவிட்டு உட்காருவார். அப்புறம் பொன்னாடை, சுண்டல், காபி. ஒருவரைப் பற்றி ஒருவர் புதிதாக ஒரு சங்கதிகூடத் தெரிந்துகொள்ளாமல் நிறைவாக வீடு திரும்புவோம்.

நான் கேலி செய்யவில்லை. கலவரம் நடந்த ஊரில் அந்த மூன்று நாற்காலி ஒரே மேடையில் இருப்பதே பெரிய காரியம். கலவரம் இல்லாத நாளில் என்ன பேசிக்கொள்வது என்பதுதான் என் கேள்வி. இன்று எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு 'சமயப் பன்மையும் கிறிஸ்தவமும்'. தலைப்பு கனமாக இருப்பதால் முறுக்கிலிருந்து தொடங்குகிறேன்.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு சைவப் பிள்ளைமார் வீடு. அந்த வீட்டு ஆச்சிக்கும் என் பாட்டிக்கும் நாற்பது வருஷப் பழக்கம். தீபாவளி அன்று ஆச்சி ஒரு தூக்குவாளி நிறைய முறுக்கும் அதிரசமும் கொண்டுவருவார். உள்ளே வருவதற்கு முன்பு நடையிலேயே நின்று ஒரு வாக்கியம் சொல்வார்: "சாமிக்குப் படைக்கிறதுக்கு முன்னாலேயே எடுத்து வச்சது." பாட்டி வாளியை வாங்கிக்கொள்வார். அதன் பிறகுதான் ஊர்க்கதை.

படைத்த பண்டத்தைச் சாப்பிடுவதில்லை என்பது எங்கள் சபையில் பலருக்கும் விதி. இது பாளையங்கோட்டையில் பிறந்த விதி இல்லை. கிரேக்க நாட்டுக் கொரிந்து பட்டணத்துச் சபைக்குள் முதல் நூற்றாண்டிலேயே இதே சண்டை நடந்திருக்கிறது. கோயிலில் படைத்த இறைச்சி கடைத்தெருவுக்கு விற்பனைக்கு வரும். வாங்கலாமா, கூடாதா? அந்தச் சபைக்கு அப்போஸ்தலர் பவுல் எழுதிய பதிலைப் படித்தால் மனிதர் எவ்வளவு திண்டாடியிருக்கிறார் என்பது தெரியும். விக்கிரகம் என்பது ஒன்றுமில்லை, ஆகவே சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது என்கிறார். நீ சாப்பிடுவதைப் பார்த்து மனச்சாட்சி பலவீனமான சகோதரன் இடறுவான் என்றால் சாப்பிடாதே என்கிறார். இரண்டு அதிகாரம் தள்ளி, கடையில் விற்பதை விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடு, 'இது படைத்தது' என்று யாராவது சொன்னால் மட்டும் விட்டுவிடு என்கிறார். என் பாட்டி அந்தக் கடைசி வரியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கல்லூரிக்குப் போன புதிதில் நான் பாட்டியிடம் சண்டை போட்டிருக்கிறேன். ஒரு பண்டிகை நாளில் ஒரு மனுஷியை நடையில் நிற்கவைத்து இப்படிச் சொல்ல வைக்கலாமா, அவர் மனசு புண்படாதா என்று கேட்டேன். "நானா சொல்லச் சொன்னேன்? அவளுக்குத் தெரியும்டா" என்றார். அவ்வளவுதான் அவருடைய இறையியல். கிறிஸ்துமஸ் வந்தால் ஆச்சி வீட்டுக்கென்று முட்டை சேர்க்காமல் தனியாகக் கேக் செய்வார். அதற்கென்று பரணில் ஒரு பாத்திரம் இருந்தது. எங்கள் வீட்டில் மீன், கறி ஏறாத ஒரே பாத்திரம் அதுதான்.

ரொம்ப காலம் கழித்துத்தான் ஆச்சியின் பக்கத்திலிருந்து யோசித்தேன். எங்கள் விதியை அவர் ஒப்புக்கொண்டிருக்க வழியே இல்லை. சாமிக்குப் படைத்தது பிரசாதம். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குத் தரக்கூடியதில் அதைவிட உயர்ந்தது ஏது? ஆக, தன்னிடம் இருந்த ஆகச் சிறந்ததை எங்களுக்குத் தர முடியாமல் அதற்கு அடுத்ததைத் தந்திருக்கிறார், நாற்பது வருஷம். 'எல்லாம் ஒண்ணுதானே, சாப்பிடுங்க' என்று ஒருநாளும் சொல்லவில்லை. கொண்டுவருவதை நிறுத்தவும் இல்லை. அந்த வாளிக்கு ஒரு கோட்பாடு எழுதத்தான் கிறிஸ்தவ இறையியலாளர்கள் முந்நூறு வருஷமாகத் திணறிக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தத் திணறலில் நம் ஊர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

1706 ஜூலையில் சீகன்பால்கு என்கிற ஜெர்மானிய மிஷனரி தரங்கம்பாடியில் இறங்கினார். வயது 24 முழுசாக நிரம்பவில்லை. வந்தது மதம் மாற்ற. அதை அவர் மறைக்கவும் இல்லை. பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். கற்றவர் சும்மா இருக்கவில்லை. 1712இலிருந்து அவரும் உடன் ஊழியர் கிரண்ட்லரும் சுற்றுவட்டாரத்துத் தமிழர்களுக்குக் கேள்விகள் அனுப்பிப் பதில் வாங்கினார்கள். உங்கள் தெய்வங்கள் யார், பாவம் என்று எதைச் சொல்வீர்கள், எங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்றெல்லாம். ஏறத்தாழ நூறு கடிதங்கள் ஜெர்மன் மொழிக்குப் போய் ஹாலே நகரில் அச்சாயின. அதில் நம் ஆட்கள் கொஞ்சமும் தயவு காட்டவில்லை. மாட்டை அடித்துத் தின்கிறீர்கள், குடிக்கிறீர்கள், சுத்தபத்தம் இல்லை, உங்களை எப்படி மதிப்பது என்கிறார்கள். சீகன்பால்கு அதையும் மொழிபெயர்த்து ஊருக்கு அனுப்பினார் பாருங்கள், அந்த நேர்மைக்கு அவரை எனக்குப் பிடிக்கும்.

அடுத்து 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களின் வரலாற்றை ஒரு பெரிய நூலாக எழுதி அனுப்பினார். சிவன், திருமாலோடு நிற்காமல் ஐயனார், எல்லையம்மன் வரைக்கும் போயிருந்தார். ஹாலேயில் இருந்து மிஷனை வழிநடத்திய பிராங்கே கடுப்பானார். அஞ்ஞானத்தை இந்தியாவில் ஒழிக்கத்தான் உன்னை அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்புவதற்கா என்கிற தொனியில் பதில் வந்தது. கையெழுத்துப் பிரதி கிடப்பில் போனது. அது அச்சானது 1867இல், அதுவும் சென்னையில். சீகன்பால்கு இறந்து அப்போது 148 வருஷம் ஆகியிருந்தது.

யாழ்ப்பாணத்தில் கதை இன்னும் சுவையானது. வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பீட்டர் பெர்சிவல் பாதிரியாருக்கு வேதாகமத்தைத் தமிழாக்கம் செய்ய ஒரு தமிழ்ப் பண்டிதர் தேவைப்பட்டார். அவருடைய பள்ளிக்கூடத்திலேயே படித்து அங்கேயே கற்பித்துக்கொண்டிருந்த இளைஞர் ஆறுமுகம் அந்த வேலையில் அமர்ந்தார். வருஷக்கணக்காக இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து வரி வரியாக விவிலியத்தைத் தமிழில் கொண்டுவந்தார்கள். அந்த ஆறுமுகம்தான் நாவலர். அந்த மேசையிலிருந்து எழுந்துபோய் மிஷனரிகளுக்கு எதிராக 19ஆம் நூற்றாண்டின் வலுவான சைவக் குரலாக நின்றார்.

எங்கள் ஆட்கள் சிலருக்கு இது மிஷனின் தோல்விக்கதை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேதாகமத்தை ஒரு சைவர் அவ்வளவு கவனமாகப் படித்தது அதற்கு முன்பு நடந்திருக்குமா என்பது சந்தேகம். 1854இல் வந்த 'சைவ தூஷண பரிகாரம்' நூலில், எங்கள் பூசையையும் சடங்கையும் பழிக்கிறீர்களே, உங்கள் வேதத்திலேயே ஆசரிப்புக் கூடாரம், பலி, தூபம், அபிஷேகத் தைலம் எல்லாம் இருக்கிறதே என்று பழைய ஏற்பாட்டின் லேவியராகமத்தை எடுத்து நீட்டுகிறார். நியாயமான கேள்வி. இன்னொரு பக்கம், வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் வெள்ளிக்கிழமைதோறும் பிரசங்கம், அச்சுக்கூடம், சைவ வினாவிடை, சைவப் பாடசாலை என்று மிஷனரிகளின் கருவிகளையெல்லாம் எடுத்துச் சைவத்துக்குக் கொடுத்தார். பெர்சிவல் தமிழில் ஆழ்ந்தார்; நாவலர் பிரசங்கத்தைக் கற்றார். இருவரும் எதிரெதிர்ப் பக்கத்தில்தான் நின்றார்கள். இதை உரையாடல் என்று சொல்லாவிட்டால் வேறு எதைச் சொல்வது? அங்கே யாரும் பொன்னாடை போர்த்தவில்லை, அவ்வளவுதான்.

அதே கதை அரை நூற்றாண்டுக்குப் பின் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் நடந்தது. கல்லூரி அப்போது பாரிமுனைப் பக்கம். வேதாந்தத்தில் ஒழுக்கத்துக்கு இடமில்லை என்று மிஷனரி ஆசிரியர்கள் சொல்வது ஒரு மாணவரை உறுத்திக்கொண்டே இருந்தது. தன் சமயத்தைத் தேடிப்பிடித்துப் படித்து, வேதாந்தத்தின் ஒழுக்கவியலைப் பற்றியே 1908இல் முதுகலை ஆய்வேடு எழுதினார். அவர்தான் எஸ். ராதாகிருஷ்ணன். ஆசிரியர் ஏ.ஜி. ஹாக் என்கிற ஸ்காட்லாந்துக்காரர். தங்கள் குற்றச்சாட்டுக்கு மறுப்பாக எழுதப்பட்ட அந்த ஆய்வேட்டை ஹாக் மனமாரப் பாராட்டினார்.

இந்த ஹாக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்த முக்கியமான சம்பவத்தில் அவர் வருகிறார்.

1938 டிசம்பரில் உலக மிஷனரிச் சபைகளின் மாநாடு ஒன்று தாம்பரத்தில் நடந்தது. முதலில் சீனாவின் ஹாங்சௌ நகரில்தான் நடத்துவதாக இருந்தது. ஜப்பான் படையெடுப்பால் அது முடியாமல் போக, முந்தைய வருஷம்தான் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்திருந்த கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்துக்கு வந்தது. சுமார் எழுபது நாடுகளிலிருந்து 470 பேர் அளவில் கூடினார்கள். இன்று மின்சார ரயிலில் தாம்பரம் தாண்டிப் போகிறவர்களுக்கு, உலகக் கிறிஸ்தவத்தின் மிகப் பெரிய சண்டைகளில் ஒன்று அந்த மரங்களுக்கு அடியில் நடந்தது என்று தெரியாது.

மாநாட்டுக்காகவே ஒரு தடித்த புத்தகம் எழுதப்பட்டிருந்தது. எழுதியவர் டச்சுக்காரர் ஹென்ட்ரிக் கிரேமர். அவர் வாதத்தைச் சுருக்கினால் இப்படி வரும்: மதம் என்பது மனிதன் கடவுளை எட்ட எடுக்கும் முயற்சி. கிறிஸ்துவில் நடந்தது கடவுள் மனிதனை எட்டியது. இரண்டும் ஒரே தண்டவாளத்தில் வரும் ரயில்கள் இல்லை. ஆகவே இந்து சமயத்தின் நிறைவு கிறிஸ்தவம் என்று சொல்வதுகூடத் தவறு; இரண்டுக்கும் நடுவே தொடர்ச்சியே கிடையாது.

இதைக் கேட்டதும் கிரேமரை ஒரு முரட்டுப் பேர்வழி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் நினைத்தேன். அவர் ஜாவாவில் பல ஆண்டுகள் இருந்து மொழியும் இஸ்லாமும் கற்றவர். அயலார் முகம் பாராமல் நூலகத்தில் உட்கார்ந்து எழுதியவர் இல்லை. வருஷத்தையும் பாருங்கள்: 1938. ஜெர்மனியில் ஒரு கூட்டம், இனத்திலும் மண்ணிலும் இரத்தத்திலும் கடவுள் தம்மை வெளிப்படுத்துகிறார் என்று சொல்லித் திருச்சபையை ஹிட்லரின் காலடியில் வைத்துக்கொண்டிருந்தது. கிறிஸ்துவைத் தவிர வேறு வெளிப்பாடு இல்லை என்று அந்த நேரத்தில் சொன்னது ஒருவகை எதிர்ப்பு. பின்னால் நாஜிகள் ஹாலந்தைப் பிடித்தபோது கிரேமரைப் பிணையாளாகச் சிறையிலும் வைத்தார்கள். ஐரோப்பாவில் மருந்தாக இருந்ததை அப்படியே தாம்பரத்துக்கு எடுத்துவந்ததில்தான் தொல்லை.

நம் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் மாநாட்டுக்கு முன்பே பதில் நூலோடு தயாராக இருந்தார்கள். அவர்களில் ஒருவர் பி. சென்சய்யா, புதுக்கோட்டை சமஸ்தானத்து நீதிபதி. இன்னொருவர் சக்கரைச் செட்டியார், வழக்கறிஞர், தொழிற்சங்கக்காரர், பின்னாளில் சென்னை மேயர். யாரும் பாதிரியார் இல்லை என்பதைக் கவனியுங்கள். இந்துக் குடும்பங்களில் பிறந்து கிறிஸ்துவிடம் வந்தவர்கள். இந்து சமயம் அவர்களுக்கு ஆராய்ச்சிப் பொருள் இல்லை, பிறந்த வீடு. அந்த வீட்டில் கடவுள் எட்டிப் பார்த்ததே இல்லை என்று ஹாலந்திலிருந்து வந்த ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும்?

ஹாக் தன் பங்குக்கு ஒரு வேலை செய்தார். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். கொலோசெயர் நிருபத்தில் ஒரு வசனம் உண்டு: உங்கள் ஜீவன் கிறிஸ்துவுடனேகூடத் தேவனுக்குள் மறைந்திருக்கிறது. கிறிஸ்துவை ஒரே இரட்சகராக ஏற்காதவர்களிலும், தேவனுக்குள் மறைந்த அந்த ஜீவனுக்கு அந்நியராக இல்லாத சிலரைத் தனக்குத் தெரியும், அவர்களோடு பழகியிருக்கிறேன் என்றார் ஹாக். வசனத்தில் 'கிறிஸ்துவுடனேகூட' என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டார். முப்பத்தைந்து வருஷம் இந்து மாணவர்களுக்குப் பாடம் எடுத்தவர் அந்த ஒரு சொல்லை வெளியே எடுத்துவைத்தார். தன் கிறிஸ்துவை விடவில்லை. கடைசிவரை அவர் மிஷனரிதான். மற்ற மதங்களைப் பற்றி என்ன முடிவு எடுப்பது என்பது ஒரு கேள்வி, என் எதிரே உட்கார்ந்திருக்கும் இந்த மனிதரிடம் விசுவாசம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி என்று பிரித்தார். முதல் கேள்விக்குப் புத்தகம் பதில் சொல்லும். இரண்டாவதற்குப் பழக வேண்டும்.

கத்தோலிக்கர்கள் இதற்கு வந்து சேர 1965 ஆனது. அங்கேயும் தொடக்கம் ஒரு தனி மனிதரின் துயரம்தான். ஜூல் இசாக் என்கிற பிரெஞ்சு யூத வரலாற்றாசிரியர். மனைவியையும் மகளையும் நாஜிகளிடம் பறிகொடுத்தவர். 1960 ஜூனில் போப் 23ஆம் யோவானைச் சந்தித்து, யூதர்களைப் பற்றித் திருச்சபை நூற்றாண்டுகளாகக் கற்பித்துவரும் வெறுப்பைத் திருத்தச் சொன்னார். அந்தச் சந்திப்பு முளைவிட்டு, யூதர்களைப் பற்றி மட்டும் பேச வந்த வரைவு முஸ்லிம்கள், இந்துக்கள், பௌத்தர்கள் என்று விரிந்து, 1965 அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் என்கிற ஆயர்களின் பேரவையில் நிறைவேறியது. ஆதரவு 2,221 வாக்கு, எதிர்ப்பு 88. இந்தச் சமயங்களில் உண்மையும் புனிதமுமாக உள்ள எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்பது அதன் மைய வரி. அதற்கு முந்தைய வருஷம் பம்பாய்க்கு வந்திருந்த போப் ஆறாம் பவுல், 'அசதோ மா சத்கமய' என்ற உபநிடத வேண்டுதலை மேற்கோள் காட்டிப் பேசியிருந்தார். திருச்சபைக்கு வெளியே மீட்பில்லை என்று 15ஆம் நூற்றாண்டில் ஃபுளோரன்ஸ் சங்கம் அடித்துச் சொன்ன அதே திருச்சபை.

அப்புறம் கோட்பாடுகள் மளமளவென்று வந்தன. அவற்றை வேகமாகத் தாண்டுகிறேன், பேராசிரியர்கள் மன்னிக்கவும். எங்கள் வழி மட்டும்தான் வழி என்பவர்கள் ஒரு பக்கம். உங்கள் வழியிலும் மறைவாக எங்கள் கிறிஸ்துதான் வேலை செய்கிறார் என்பவர்கள் நடுவில். எல்லாம் மலையேறும் பல பாதைகள் என்பவர்கள் மறுபக்கம். 1983இல் ஆலன் ரேஸ் என்கிற ஆங்கிலேயர் இப்படி மூன்றாகப் பிரித்ததிலிருந்து இறையியல் மாணவர்கள் தேர்வில் இதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

நடுவில் நிற்பவர்களில் பெரிய பெயர் ஜெர்மன் கத்தோலிக்க இறையியலாளர் கார்ல் ரானர். நல்ல மனதோடு வாழும் இந்துவும் பௌத்தரும் 'பெயர் தெரியாத கிறிஸ்தவர்கள்' என்றார். தாராள மனசுதான். ஆனால் ஜப்பானிய பௌத்த மெய்யியலாளர் நிஷிதானி அவரிடம், நான் உங்களைப் பெயர் தெரியாத ஜென் பௌத்தர் என்று சொன்னால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டார். ரானர் சளைக்கவில்லை, உங்கள் இடத்திலிருந்து அப்படித்தான் சொல்லவேண்டும், அதில் எனக்குப் பெருமைதான் என்றார். இதை மேலைநாட்டுச் சாமர்த்தியம் என்று நினைக்க வேண்டாம். நம் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் 13ஆம் நூற்றாண்டிலேயே இருக்கிறது. "யாதொரு தெய்வம் கொண்டீர் அத்தெய்வ மாகி ஆங்கே மாதொரு பாகனார் தாம் வருவர்" என்கிறார் அருணந்தி சிவாசாரியார். நீ எந்தத் தெய்வத்தைக் கும்பிட்டாலும் வரப்போவது எங்கள் சிவன்தான். அதே சித்தியாரின் பரபக்கம் என்கிற பகுதியில் மற்றச் சமயங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பிழிந்தும் வைத்திருக்கிறார். ஆக, எங்கள் பாட்டி ஆச்சியின் கணக்கில் பெயர் தெரியாத சைவர். ஆச்சி எங்கள் கணக்கில் பெயர் தெரியாத கிறிஸ்தவர். இருவரும் இதைக் கேட்டால் சிரித்திருப்பார்கள்.

மூன்றாம் பக்கத்தில் ஆங்கிலேய மெய்யியலாளர் ஜான் ஹிக். இளமையில் தீவிர நற்செய்திக் கூட்டத்துக் கிறிஸ்தவர். 1967இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அந்த ஊரில் பஞ்சாபிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் கரீபியத் தீவுகளிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் நிறைந்திருந்தார்கள், நிறவெறியும் நிறைந்திருந்தது. அதை எதிர்த்து வேலை செய்யப் போனவர் குருத்வாரா, மசூதி, கோயில், யூத ஜெப ஆலயம் என்று உள்ளே போய் உட்கார்ந்தார். எல்லா இடத்திலும் அடிப்படையில் ஒரே காரியம் நடப்பதாக அவருக்குப் பட்டது. பூமியைச் சுற்றிச் சூரியன் என்று நினைத்தது போதும், சூரியனைச் சுற்றித்தான் பூமி உட்பட எல்லாக் கோள்களும். அதுபோலக் கிறிஸ்தவமும் கடவுளைச் சுற்றிவரும் ஒரு கோள்தான் என்று 1973இல் எழுதினார். இந்த மேடைகளில் நதியைக் கடலில் சேர்க்கும் எல்லோருக்கும் அவர்தான் தத்துவாசிரியர், அவர்களுக்கு அவர் பெயர் தெரியாவிட்டாலும்.

ஹிக்குக்கு வந்த பதில்களில் கூர்மையானது காஞ்சிபுரத்தில் ஊழியம் செய்த ஒருவருடையது. லெஸ்லி நியூபிகின், பின்னாளில் மதுரையிலும் சென்னையிலும் தென்னிந்தியத் திருச்சபைப் பேராயர். காஞ்சிபுரத்தில் இருந்தபோது வாரம் ஒரு மாலை ராமகிருஷ்ண மடத்துத் துறவிகளோடு தரையில் உட்கார்ந்து ஒரு வாரம் உபநிடதம், ஒரு வாரம் யோவான் சுவிசேஷம் என்று மாற்றி மாற்றிப் படித்தவர். மடத்துக் கூடத்தில் மகான்களின் படவரிசையில் இயேசுவின் படமும் இருந்தது. கிறிஸ்துமஸ் அன்று அதற்குப் பூசையும் உண்டு. துறவிகளுக்கு அது மரியாதை. நியூபிகினுக்கோ, இயேசுவை ஏற்கெனவே இருக்கும் சுவரில் ஒரு ஆணியில் மாட்டிவிட்டார்கள், இனி அவர் யாரையும் தொந்தரவு செய்யமாட்டார் என்று பட்டது. இருவர் பக்கமும் எனக்குப் புரிகிறது. அதற்காக அவர்கள் படிப்பதை நிறுத்தவில்லை என்பதுதான் எனக்கு வேண்டிய செய்தி.

யானையைத் தடவிய பார்வையற்றவர்கள் கதையையும் நியூபிகின் கையில் எடுத்தார். ஒருவர் தூண் என்றார், ஒருவர் முறம் என்றார், எல்லோருக்கும் ஒரு துண்டு உண்மைதான் தெரியும் என்று நாம் பணிவோடு சொல்வோமில்லையா? கதையைச் சொல்வது யார் என்று கேட்டார் அவர். ராஜா. அவருக்குக் கண் தெரியும், முழு யானையும் தெரியும். அதனால்தான் மற்றவர்களுக்குத் தெரிந்தது துண்டு என்று சொல்ல முடிகிறது. 'எல்லா மதமும் ஒரே உண்மையின் பகுதி' என்கிறவர் பணிவானவர்போல ராஜா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். நான் எல்லா மதத்தையும் மேலிருந்து பார்த்துவிட்டேன், நீ உன் தூணைக் கட்டிக்கொண்டிரு என்கிறார். இதற்கு ஹிக்கிடம் பதில் இருந்தது. ஒரே யானை என்பது தன் ஊகம்தான், கண்டதாகச் சொல்லவில்லை என்பார். எனக்கு அது முழுத் திருப்தி இல்லை. 'எல்லாம் ஒண்ணுதானே' என்று முறுக்கை நீட்டியிருந்தால் ஆச்சி என் பாட்டியை யானை தடவ விட்டிருப்பார்.

கோட்பாடு எழுதாமல் தன் உடம்பிலேயே இந்தக் கேள்வியைச் சுமந்தவர்களும் உண்டு. ஆன்ரி லெ சோ என்கிற பிரெஞ்சுத் துறவி 1949இல் திருவண்ணாமலையில் ரமணரைப் பார்த்தார். மறு வருஷம் குளித்தலைப் பக்கம் தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக்கரையில், மோன்ஷனேன் பாதிரியாரோடு சாந்திவனம் ஆசிரமத்தைத் தொடங்கினார். அபிஷிக்தானந்தர் ஆனார். அருணாசலக் குகையில் கண்ட அத்வைதத்தையும் தினம் வைத்த கத்தோலிக்கப் பூசைப்பலியையும் ஒன்றாக்க அவரால் முடியவில்லை, ஒன்றை விடவும் முடியவில்லை. அப்படியே 1973இல் இறந்தார். இது ஆசிரம வேடத்தில் விரித்த வலை என்று பின்னால் இந்துத் தரப்பில் சிலர் எழுதினார்கள். கிறிஸ்தவத் தரப்பில் சிலர் அவர் வழி தவறிவிட்டார் என்றார்கள். அவருடைய நாட்குறிப்பைப் படித்தவர்களுக்கு, வலை விரிக்கிறவன் இப்படித் தூக்கம் கெட்டுப் புரளமாட்டான் என்பது தெரியும்.

இந்த ஆசிரம முயற்சிகளுக்கு வந்த விமரிசனங்களில் எனக்கு உறைத்தது வேறொன்று. 1980களில் தலித் இறையியலாளர்கள் எழுந்து கேட்டார்கள்: நீங்கள் யாரோடு உரையாடினீர்கள்? உபநிடதத்தோடு. சங்கரரோடு. உங்கள் சபையில் பெரும்பகுதியாக இருக்கும் எங்கள் முன்னோர் கும்பிட்ட தெய்வங்களோடு, எங்கள் பறையோடு, எங்கள் பாட்டோடு எப்போது உரையாடினீர்கள்? பதில் சொல்ல யாரிடமும் சரக்கு இல்லை. எல்லையம்மனைப் பற்றி 1713இல் எழுதிய சீகன்பால்குவைக் கிடப்பில் போட்டவர்கள்தானே நாங்கள். மதுரை இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு நாட்டுப்புற மெட்டில் வழிபாட்டையே மாற்றி எழுதினார். எல்லோரும் ஒரே உலையில் பொங்கி ஒன்றாக உட்கார்ந்து உண்பதை அவர் திருவிருந்தாகப் பார்த்தார். அதைக் கேட்டதும் என் பாட்டியின் பரண் பாத்திரத்தை நினைத்து எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. முட்டையில்லாத கேக் அடுத்த வீட்டுக்குப் போனது. தெருக்கோடி வீடுகளுக்கு எங்கள் வீட்டிலிருந்தும் ஆச்சி வீட்டிலிருந்தும் என்ன போனது? எனக்கு நினைவில்லை. ஏதாவது போயிருந்தால் நினைவிருக்கும்.

சரி, மதமாற்றம் பற்றிப் பேசாமல் இறங்கினால் கேள்வி நேரத்தில் பிடித்துக்கொள்வீர்கள். உலகத் திருச்சபைகள் மன்றத்தில் 1971இல் பல்சமய உரையாடலுக்கென்று ஒரு பிரிவு தொடங்கி, கர்நாடகக்காரர் ஸ்டான்லி சமார்த்தாவிடம் கொடுத்தார்கள். 1975 நைரோபி மாநாட்டில் அவர் படாத பாடு பட்டார். சுவிசேஷத்தை விற்கிறீர்கள் என்று உள்ளே இருந்தவர்கள் திட்டினார்கள். சுவிசேஷம் விற்கத்தான் வருகிறீர்கள் என்று வெளியே இருந்தவர்கள் திட்டினார்கள்.

என் நிலை இது. இயேசுவை மற்றவரும் அறிய வேண்டும் என்ற ஆசையே தனக்கு இல்லை என்று ஒரு கிறிஸ்தவர் மேடையில் சொன்னால் அவர் உபசாரத்துக்குச் சொல்கிறார். அந்த ஆசை எனக்குச் சங்கடம் தரவில்லை என்று ஓர் இந்து நண்பர் சொன்னாலும் அதுவும் உபசாரம்தான். இரண்டையும் மேசையில் வைத்துவிட்டே பேசலாம். பெர்சிவலும் நாவலரும் வைத்துத்தான் பேசினார்கள். எனக்குப் பொறுக்காதது வேறு. மேடையில் நதியும் கடலும் பேசிவிட்டு, அன்று இரவே ஜெபக்கூட்டத்தில் அடுத்த வீட்டுச் சாமியைப் பேய் என்பது. நல்லிணக்க விழாவில் கைகுலுக்கிவிட்டு, வாட்ஸ்அப் குழுவில், அரிசிக்கு மதம் மாறியவர்கள் என்று எங்களை 'அரிசி மூட்டை' என்பது. இரண்டையும் என் காதால் கேட்டிருக்கிறேன், கண்ணால் பார்த்திருக்கிறேன். முதலாவதை என் சொந்தச் சபைக்காரர் வாயால் கேட்டபோது நான் எழுந்து வெளியே போகவில்லை. போயிருக்க வேண்டும்.

பாட்டி காலமாகி இருபது வருஷமாகிறது. ஆச்சி அதற்கு முன்பே. நான் இப்போது சென்னையில் ஓர் அடுக்குமாடியில் இருக்கிறேன். போன தீபாவளிக்கு எதிர் வீட்டிலிருந்து ஒரு பெட்டி இனிப்பு வந்தது, பெரிய கடைப் பெட்டி. கொண்டுவந்த பையன் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. படைத்ததா இல்லையா என்பது எனக்கு இப்போது பொருட்டில்லை, சாப்பிட்டுவிட்டேன். பதிலுக்கு டிசம்பரில் பிளம் கேக் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அவர்கள் முட்டை சாப்பிடுவார்களா என்று எனக்குத் தெரியாது. லிஃப்டில் வாரம் மூன்று முறையாவது பார்க்கிறோம், ஐந்து வருஷமாக. இந்தக் கிறிஸ்துமஸுக்கு முன்னால் கேட்டுவிட வேண்டும்.